இரவுக்கு உதவும் அறிக்கை

"நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், மகிழ்ச்சியாக விளையாடினான்." குழந்தைகள் காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் பெற்றோருக்கு எழுதும் அறிக்கை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. பெற்றோரும் குறை சொல்வதில்லை. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்று மாலை ஏழு மணிக்குக் குழந்தை சோற்றைத் துப்பும்போதோ, இரவு பதினொன்றாகியும் கண்ணை மூடாமல் கட்டிலில் குதிக்கும்போதோ அந்த மூன்று வரிகளால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பெங்களூருவில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு காப்பகத்தில் மூன்று வயதுக்குட்பட்டோர் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு, புதியவர்களுக்கு இந்த எழுத்து வேலையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் உண்டு. அவர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எழுதும் வரி இன்று இரவு அந்த வீட்டில் எந்த வேலைக்கு உதவும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டத்தோடு தொடர்புடைய ஒரு காரணமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. அலுவலக வளாகத்துக்குள்ளேயே காப்பகம் இருந்தால் லிஃப்டில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். வெளியே இருக்கும் காப்பகத்தோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் கதை வேறு. போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புக்கு அந்தப் பக்கம் அலுவலகமும் இந்தப் பக்கம் குழந்தையுமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான்கு முறை என்பது ஏட்டில் மட்டுமே உள்ள உரிமை. அந்த நான்கு முறையும் வந்திருந்தால் அவள் கண்ணில் என்ன பட்டிருக்குமோ அதைத்தான் நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் 'மகிழ்ச்சியாக இருந்தான்' என்று எழுதக் கை வராது. தாய் கதவருகே நின்று எட்டிப் பார்த்திருந்தால் மகிழ்ச்சியையா பார்த்திருப்பாள்? குழந்தை வாளிக்குள் கையை விட்டுச் சோப்பு நுரையை நக்கப் போனதை அல்லவா பார்த்திருப்பாள்!

26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கைக்குழந்தைகள் எங்களிடம் வந்து சேருவது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில். தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்கத் தொடங்க வேண்டியது ஆறு மாதம் நிறைந்ததும். ஆகவே முதல் ராகிக் கூழும், முதல் பருப்புத் தண்ணீரும், முதல் வாழைப்பழமும் வீட்டில் பாதி, எங்கள் கையில் பாதி என்று நடக்கின்றன. புதிய உணவை ஒவ்வொன்றாக, இடையில் சில நாள் விட்டுத் தொடங்குவது வழக்கம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும். இரண்டு சமையலறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாவிட்டால், காலையில் நாங்கள் ஒன்றையும் மாலையில் வீட்டார் இன்னொன்றையும் புதிதாகக் கொடுத்துவிடுவோம்; இரவில் தோலில் தடிப்பு வந்தால் எதனால் என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே நான் எழுதச் சொல்வது இப்படி: "காலை 10.40: முதன்முறையாக மசித்த வாழைப்பழம், சிறிய ஸ்பூனால் மூன்று வாய். நான்காவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டான். 12.30 வரை தடிப்போ வாந்தியோ இல்லை." மூன்று வாக்கியங்கள், எழுத ஒரு நிமிடம். (தேனை மட்டும் ஒரு வயது ஆகும் வரை யார் கொடுத்தனுப்பினாலும் நாங்கள் ஊட்டுவதில்லை. மலைத்தேன், சுத்தமானது என்று தாத்தாக்கள் வாதாடுவார்கள். சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் என்பதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

'அரைக் கிண்ணம் சாப்பிட்டான்' என்பதும் எனக்குப் பிடிக்காத ஒரு வரி. எங்கள் கிண்ணம் எவ்வளவு பெரியது என்று தாய்க்கு எப்படித் தெரியும்? அவள் கொடுத்தனுப்பிய டப்பாதான் அவளுக்குத் தெரிந்த அளவு. எனவே மிச்சத்தைக் கொட்டிக் கழுவி அனுப்பாமல், ஃபிரிட்ஜில் வைத்திருந்து அப்படியே டப்பாவோடு திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கழுவாத டப்பாவைத் திருப்பித் தருவது என்ன நாகரிகம் என்று சிலர் முகம் சுளித்ததுண்டு. ஆனால் பருப்புச் சாதத்தை முழுவதும் தின்றுவிட்டு பீன்ஸ் துண்டுகளை மட்டும் ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் டப்பாவைவிடத் துல்லியமான அறிக்கையை எந்த ஆசிரியையும் எழுதிவிட முடியாது.

தூக்கத்துக்கு வருவோம். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எங்களிடம் 1.10-க்குப் படுத்து 3.50-க்கு எழுந்த குழந்தை இரண்டே முக்கால் மணி நேரத்தை ஏறத்தாழத் தூங்கி முடித்துவிட்டது. அதை எட்டு மணிக்கே படுக்க வைத்தால் அது எப்படித் தூங்கும்? 12.15-க்குப் படுத்து அரை மணியில் எழுந்துவிட்ட குழந்தையோ ஆறரை மணிக்கெல்லாம் சோற்றுத் தட்டின்மீதே சாய்ந்துவிடும். ஒன்றே கால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பகலில் இரண்டு தூக்கம் என்பது ஒரே தூக்கமாக மாறும் காலத்தில் இந்தக் கணக்கு தினமும் மாறிக்கொண்டே இருக்கும். 'நன்றாகத் தூங்கினான்' என்ற வரியால் இதில் எதையும் கணக்கிட முடியாது. படுத்த நேரம், எழுந்த நேரம் என்ற இரண்டு எண்கள் போதும்.

காய்ச்சலைப் பற்றி எழுதுவது இவற்றைவிடச் சிக்கலானது, ஏனென்றால் இங்கே இரு தரப்பிலும் கூச்சம் இருக்கிறது. காலையில் குழந்தையின் உடம்பு சற்றுச் சுடுகிறது. அன்றைக்கென்று லீவு போட முடியாத வேலை. ஒரு வேளை பாராசிட்டமால் கொடுத்து அழைத்து வந்துவிடுகிறார்கள். வாசலில் குழந்தை சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறது. மருந்தின் வேகம் தணியும் பதினொரு, பதினொன்றரை மணிக்குக் காய்ச்சல் ஏறுகிறது. காப்பகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்த நேரக்கணக்கு தெரியும். தெரிந்தது போலக் காட்டிக்கொள்வதில்லை. நான் பெற்றோரைக் குற்றம் சொல்லவும் மாட்டேன், லீவு எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால், அவர்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே நாங்கள் இன்னொரு வேளை கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமாலில் ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் இடையே நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். அதோடு, '5 மி.லி. கொடுத்தோம்' என்று மட்டும் எழுதுவது அரைகுறைத் தகவல். கடைகளில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து ஒரு மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். எங்கள் பையில் ஒரு பாட்டிலும் வீட்டில் வேறொரு பாட்டிலும் இருக்கையில், 5 மி.லி. என்ற அதே சொல் இரட்டிப்பு மருந்தாகிவிடும். மருந்தின் பெயர், பாட்டிலில் அச்சிட்ட அளவு, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, யார் சொல்லிக் கொடுத்தது என்ற ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். வெப்பமானியில் என்ன வந்ததோ அந்த எண்ணை எழுத வேண்டும், 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் அறிக்கைக்குக் காத்திராமல் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு நாட்களில் நனைந்த டயப்பர்களின் நேரமும் இதே தரத்தைச் சேர்ந்தது. இரவு ஒன்பது மணிக்கு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதுதான். ஆறேழு மணி நேரமாகக் கழிக்கவில்லை என்றால் அவர் முகம் மாறும். அந்தக் கேள்விக்கான விடையில் பாதி எங்கள் பகலுக்குள் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எண்கள்; அவற்றைப் பழக்கிவிடலாம். கடினமானது நடத்தையைப் பற்றி எழுதுவது. 'அடம் பிடித்தான்', 'முரட்டுத்தனம் செய்தான்', 'இன்று மூட் சரியில்லை' போன்ற வரிகளை நான் அடித்துவிடுவேன். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றி முரடன் என்று எழுத்தில் வந்துவிட்டால் அந்தச் சொல் அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டுவிடும்; அப்பாவின் தம்பியும் அப்படித்தான் என்பது வரை பேச்சு போகும். நடந்ததை மட்டும் எழுதினால் அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. "மதியம் தட்டைத் தள்ளிவிட்டான். தண்ணீர் கொடுத்ததும் குடித்தான். பத்து நிமிடம் கழித்து நான்கு வாய் சாப்பிட்டான்" என்று எழுதும்போது, அடம் என்று நாம் நினைத்தது தாகமாகக்கூட இருந்திருக்கலாம் என்பது எழுதுகிறவருக்கே தெரியவருகிறது.

கடிப்பதுதான் இதில் உச்சம். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கடிப்பது சாதாரணம். பல் முளைக்கும் ஊறல், பேச்சு வராத ஆத்திரம், நெரிசல், வெறும் ஆர்வம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் தன் பிள்ளையின் கன்னத்தில் எட்டுப் பற்களின் தடத்தைப் பார்க்கும் தாயிடம் இந்த விளக்கம் எடுபடாது. எனவே இதில் எங்கள் வரிசை மாறாது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி ஈரத்துணியை ஒற்றி வைக்க வேண்டும், தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், மாலையில்தான் எழுத்து. பெற்றோர் ஒரு செய்தியை முதன்முதலில் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடலாகாத விஷயங்களில் இது ஒன்று. கடித்த குழந்தையின் பெயரை எழுதுவதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. ஒரே அடுக்ககத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் வரும்போது, அந்தப் பெயர் எங்கள் வாசலைத் தாண்டியதும் லிஃப்டில் சண்டையாக மாறும். "யாருன்னு சொல்லிடுங்க மிஸ், நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. "சொல்ல மாட்டேங்க. நாளைக்கு உங்க பையன் கடிச்சாலும் இதேதான்" என்பேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு கேட்பதில்லை.

கடித்த குழந்தையின் வீட்டுக்கும் ஓர் அறிக்கை போக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். "11.20-க்கு, வெளியே கிளம்பச் செருப்பு மாட்டும் நேரத்தில், ஆறு குழந்தைகள் ஒரே இடத்தில் நின்றபோது, தன் மஞ்சள் லாரியைப் பிடித்து இழுத்த குழந்தையின் தோளில் கடித்தான். பிரித்து உட்கார வைத்தோம். லாரியைத் திருப்பிக் கொடுத்தோம். நாளை முதல் அவனை வரிசையில் முதலில் வெளியே அழைத்துச் செல்கிறோம்." இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, எந்த நேரத்தில், எந்த நெருக்கடியில் என்பது இருக்கிறது. அதே நெருக்கடி வீட்டில் எப்போது வருகிறது என்று யோசிக்க அந்தப் பெற்றோருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

இவ்வளவையும் எழுதுகிறவர் யார் என்று பார்த்தால் ஒரு கோளாறு தென்படும். அறிக்கையை எழுதுவது மிஸ். குழந்தையின் உடம்பைப் பகல் முழுவதும் கையாளுவது ஆயா. டயப்பர் மாற்றுவதும், முகம் கழுவுவதும், தட்டித் தூங்க வைப்பதும் அவர்களே. எங்கள் ஆயாக்களில் ஒருவர் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர். இன்னொருவர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஈஜிபுராவில் குடியிருக்கும் தமிழர். இருவருக்கும், பெற்றோருக்கு அறிக்கை அனுப்பும் ஆப்பில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வராது. ஆகவே அவர்கள் பார்த்ததெல்லாம் அறிக்கைக்கு வெளியே நின்றுவிடும். டயப்பர் மாற்றும் மேசைக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். ஒவ்வொரு குழந்தையின் படத்துக்கு நேராக, ஈரத்துக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம், பக்கத்தில் நேரம். நான்கு மணிக்கு நான் அந்தப் பலகையின் முன் நின்று ஆயாவோடு பேசிவிட்டுத்தான் எழுத உட்காருவேன். "இந்தப் புள்ள காலையிலேருந்து வலது காதையே தொட்டுத் தொட்டுப் பாக்குது மிஸ். அந்தப் பக்கமா படுக்க வெச்சா அழுவுது" என்று ஒரு நாள் சொன்னார். அதை அப்படியே எழுதினேன்: காலை முதல் வலது காதைத் தொடுகிறாள், அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் அழுகிறாள். காதில் தொற்று என்று எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அறிக்கையின் கீழே, கவனித்தவர் என்று ஆயாவின் பெயரைப் போட்டேன். இப்போது அது வழக்கமாகிவிட்டது. அதில் நிர்வாகத்துக்கு அவ்வளவு விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அறிக்கை போய்ச் சேரும் இடத்திலும் இதே கோளாறு உண்டு. ஆப்பில் ஆங்கிலத்தில் எழுதியது தாயின் போனுக்குப் போகிறது. குழந்தையை ஐந்து மணிக்கு அழைத்துப் போவதோ, பேரனைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. ஆறு மணிக்குப் பசிக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான். அவரிடம் வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும்: "பாட்டி, இன்னிக்கு மத்தியானம் ரெண்டு வாய்தான் சாப்பிட்டான். வீட்டுக்குப் போனதும் பசிக்கும், பிஸ்கட் குடுத்து நிறுத்திடாதீங்க, சாதமே குடுத்துடுங்க." இது பழைய முறைதான். கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 1969-இல் டெல்லியில் ஒரு கட்டுமானத் தளத்தில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் போன்ற இடங்களில், எழுத்தறியாத தாய்க்கு எழுதிக் கொடுத்து என்ன பயன்? நேரில் சொல்வதுதான் அறிக்கை. எழுத்தில் கொடுப்பது அதைவிட மேலானது என்று நாங்கள் ஏன் நினைக்கத் தொடங்கினோம் என்று தெரியவில்லை.

புகைப்படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெற்றோர் ஆசைப்படுகிறார்கள், ஒன்றிரண்டு அனுப்பலாம். ஆனால் மணலில் தன்னை மறந்து குழி தோண்டிக்கொண்டிருப்பவனை எழுப்பி, கையில் ஒரு தாளைக் கொடுத்து உட்கார வைத்து எடுக்கும் படம் வேண்டாத வேலை. அதோடு ஒரு படத்தில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது, வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்குமாகப் படம் போடும் பழக்கத்தை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கேமராவில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கும்போது அறிக்கை எதற்கு என்று கேட்கும் தந்தையரும் உண்டு. குழந்தை அழுவது கேமராவில் தெரியும். எதற்கு அழுதது, எதைச் சொன்னதும் அடங்கியது என்பது தெரியாது. ஆப்பில் இருக்கும் சிரித்த முகம், அழுத முகம் பொத்தான்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

எட்டுக் குழந்தைகளுக்குத் தலா நான்கு நிமிடம் என்றாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அந்த அரை மணியும் குழந்தைகளைப் பார்க்க வேண்டிய நேரத்திலிருந்து எடுப்பதே. எனவே தினமும் எழுதுவதை உணவு, தூக்கம், உடல்நிலை, நடந்த ஒரு சம்பவம் என்று சுருக்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தைக்கும் சற்று நீளமாக ஒன்று எழுதுகிறோம். நியூசிலாந்தில் மார்கரெட் கார் வகுத்த 'கற்றல் கதைகள்' என்ற முறையில், குழந்தை எதில் ஈடுபட்டது, எங்கே சிக்கிக்கொண்டது, எப்படி விடாமல் முயன்றது என்பதை ஒரு சிறு கதையாக அந்தக் குழந்தையையே விளித்து எழுதும் வழக்கம் உண்டு. அதை நாங்கள் முழுமையாகப் பின்பற்றவில்லை. ஆனால் மூடியைத் திருகத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தவள், வியாழக்கிழமை தற்செயலாகத் திருப்பிவிட்டு, பிறகு அறையில் இருந்த மூடிகளையெல்லாம் திருப்பிப் பார்த்ததை எழுதும்போது, நான்கு நிமிடக் குறிப்பில் அது அடங்காது என்பது தெரிகிறது.

குழந்தை எடுத்து வைக்கும் முதல் அடியை எழுதலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. குழந்தை காப்பகத்தில்தான் முதன்முதலாக நடக்கிறது. அதை எழுதினால் தாய் அதைத் தவறவிட்டவள் ஆகிறாள். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று நாள்தோறும் சொல்லும் நான் இந்த ஓர் இடத்தில் மட்டும் "பிடிக்காமல் நிற்கிறாள், இன்றோ நாளையோ நடந்துவிடுவாள், கேமராவைத் தயாராக வையுங்கள்" என்று எழுதச் சொல்கிறேன். அது மறைப்பதுதானே என்று என் சக ஆசிரியை கேட்கிறார். மறைப்பதுதான். அந்தத் தகவல் இன்று இரவு அந்த வீட்டில் எந்த வேலைக்கும் உதவாது என்பதே என் பதில். அவர் அதை ஏற்கவில்லை.

பெற்றோரும் எங்களுக்கு ஓர் அறிக்கை தர வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுகிறோம். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், என்ன மருந்து கொடுத்தீர்கள், அப்பா வெளியூர் போயிருக்கிறாரா என்று கேட்கும் நான்கு வரிப் படிவம் அது. சமீபத்தில் ஐந்தாவது வரி ஒன்றைச் சேர்த்தோம்: கடைசியாகப் போட்ட தடுப்பூசி எது, எந்தத் தேதியில்? ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் டிபிடி பூஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவோ மறுநாளோ வந்துவிடும். அதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வரும் காய்ச்சலோ ஒரு வாரம் கழித்து, சில சமயம் பன்னிரண்டு நாள் வரை கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் ஊசி போட்டதே வீட்டில் மறந்துபோயிருக்கும். காப்பகத்திலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். தேதி எழுதியிருந்தால் எண்ணிப் பார்த்து மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த ஐந்தாவது வரியைப் பலர் காலியாகவே விட்டு வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நானே கேட்டு நிரப்பிக்கொள்கிறேன்.